வரம்புக்குள் ஒரு சொத்து

வரிசையில் நிற்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. நீங்களும் அரசாங்க உத்தியோகம் பார்ப்பவர், சொன்னால் புரிந்துகொள்வீர்கள்.

அப்பா விட்டுப்போனது ஓர் ஓட்டை ஸ்கூட்டரும் வங்கியில் கொஞ்சம் பணமும்தான். அந்தப் பணம், வாரிசுகள் சுலபமாக வாங்கிக்கொள்ளக் கோர்ட் வைத்திருந்த வரம்பைக் கொஞ்சூண்டு தாண்டிவிட்டது. வரம்புக்குள் இருந்தால் எளிய மனு. ஓர் உறுதிமொழிப் பத்திரம், இறப்புச் சான்றிதழ், ஒரு முத்திரை, முடிந்தது வேலை. தாண்டினால் முழு வழக்கு. வக்கீல், பத்திரிகை விளம்பரம், வாய்தாவுக்கு மேல் வாய்தா. அம்மா நடையாய் நடந்தாள். கடைசியில் ஒருநாள் கோர்ட் மாடிப்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அன்றைக்கும் வாய்தாதான் கொடுத்தார்கள்.

பிறகு என்னை வளர்த்தது அத்தை, அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவளை விட்டால் எனக்கு யாருமில்லை, அவளுக்கும் அப்படித்தான். ஒரே வாரிசு. மனுவுக்கு இதைவிட வசதி கிடையாது.

ஆனால் தனக்கென்று ஒரு காசு அவிழ்க்கமாட்டாள். சேமிப்பு வரம்பை நெருங்க நெருங்க அதைக் குறைக்க வழி தேடினேன். புது ஃபிரிட்ஜ் வாங்கினேன், அவள் பணத்தில்தான். கடைக்காரனிடம் சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பல் கட்டிக்கொள்ளச் சொன்னேன். "இருக்கிற பல்லுக்கே வேலையில்ல, போடா" என்றாள்.

அப்புறம் ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. படித்துவிட்டு அத்தை சொன்னாள், "ஓய்வூதிய பாக்கி அடுத்த மாசம் மொத்தமா வருதுடா. ஒரு தடவை விமானத்துல போவோம். ஜன்னல் சீட்டு எனக்கு, இப்பவே சொல்லிட்டேன்."

முகத்தில் அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. எனக்கு அந்த மாடிப்படிதான் தெரிந்தது. ஃபிரிட்ஜையே திருப்பியவள் விமானம் ஏறுவாளா?

பாக்கி வருவதற்குள் முடிந்தால் எளிய மனு. என்றைக்கிருந்தாலும் நடக்கப்போவதுதானே. கொஞ்சம் முன்கூட்டி நடந்தால் எத்தனை பேருக்கு வேலை மிச்சம் என்று யோசித்துப் பாருங்கள். கோர்ட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மத்தியானக் காப்பியில் அவளுடைய தூக்க மாத்திரைகளைக் கரைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னடா இப்படிக் கசக்குது?" என்றாள். இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போட்டேன். அவளுக்குச் சர்க்கரை வியாதி, எனக்கு மனசே கேட்கவில்லை. "போட்டுக் குடுத்தவன் முகத்துக்காகக் குடிக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே முழுவதையும் குடித்தாள். வயதானவள், இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நான் அழுதேன். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதேன்.

சட்டம் சொன்ன காலம்வரை பொறுமையாகக் காத்திருந்து மனுவோடு போனேன். கோர்ட் கவுண்டரில் இருந்த பெண்மணி காகிதங்களைப் புரட்டினார்.

"ஓய்வூதிய பாக்கி ஒண்ணு வரணும்போல இருக்கே சார்?"

"அது வர்றதுக்கு முன்னாடியே இறந்துட்டாங்கம்மா."

"இறந்தா என்ன சார், அவங்க உழைச்ச காசு. அதுவும் சொத்துலதான் சேரும். வரம்பு தாண்டிடுச்சு, முழு வழக்குதான் போடணும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அது வர்றதுக்குள்ள முடியணும்னுதானே காப்பியில கலந்து குடுத்தேன். இப்ப வந்து இப்படிச் சொன்னா எப்படி?" என்று கத்திவிட்டேன். எனக்குப் பின்னால் நின்ற வரிசை தானாகவே கலைந்தது.

நடந்தது இவ்வளவுதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வருத்தம் உண்டு. பொது இடத்தில், அதுவும் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம், நான் அப்படிக் குரலை உயர்த்தியிருக்கக் கூடாது. அத்தை மட்டும் உயிரோடு இருந்திருந்தால் என்னைச் சும்மா விட்டிருக்கமாட்டாள்.