சக்கரவர்த்தியின் கேரியர்

மிதிவண்டியைத் தங்கள் சொந்தக் கால்களால் ஓட்டும் சகல குடிமக்களின் மேலான கவனத்துக்கும் தெரிவிக்கப்படுவது யாதெனில்: மழைக்காலத்தில் பின்னால் ஏறியவர் யார் என்று திரும்பிப் பார்த்துவிட்டு மிதிக்கவும்.

மெழுகுவர்த்தியை நடுவில் வையுங்கள். கதவோரம் இருப்பவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள். கரண்ட் வருவதற்குள் முடிந்துவிடும்.

இது மாடிவீட்டுப் பல் டாக்டரின் சகலைக்கு நடந்தது. கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் ஆய்வாளர். பத்து வருஷமாகச் சைக்கிளில்தான் ஆபீஸ். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பஸ்ஸில் வருகிறவர்களெல்லாம் ஏன் சோம்பேறிகள் என்று, சொட்டச் சொட்ட நனைந்த சட்டையோடு நின்று அரை மணி நேரம் விளக்குவார். ஆபீஸில் அவருக்குச் சக்கரவர்த்தி என்று பெயர். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை ஆறே முக்கால். காலையிலிருந்து விடாத மழை. ஏழு மணிக்கு அவருடைய எட்டு வயது மகள் ஓவிய வகுப்பு முடிந்து கேட்டில் நிற்பாள். போன வாரம் பத்து நிமிஷம் தாமதம்... பிள்ளை இருட்டில் தனியாக அழுதுகொண்டு நின்றது. மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இன்னொரு தடவை அவ அப்படி நின்னா, உங்க சைக்கிளப் பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்."

ஆகவே மிதித்தார். கிடங்குத் தெரு. ஒரு பக்கம் பூட்டிய ஷட்டர்கள், மறுபக்கம் வாய்க்கால். ஈ காக்கை இல்லை. மட்கார்டு கடகடத்தது... டைனமோ டயரில் உரசி முனகியது... பையின் அடியில், மூன்று பிளாஸ்டிக் உறைக்குள், போன் அடித்து ஓய்ந்தது. மழையில் யார் எடுப்பது?

கேட்டில் நிறுத்தினார். சக்கரம் நின்றால் டைனமோ விளக்கும் அணைந்துவிடும். கும்மிருட்டு.

அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரு வழக்கம் உண்டு. அவர் இறங்க மாட்டார். மழைக்கோட்டின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிப்பார். பிள்ளை உள்ளே புகுந்து, கேரியரில் ஏறி, இடுப்பைக் கட்டிக்கொள்ளும். முகம் பார்க்கிற வேலையே இல்லை.

தூக்கிப் பிடித்தார். ஏறியது. இரண்டு கைகள் இடுப்பைச் சுற்றின.

"கெட்டியா பிடிச்சுக்கோடா கண்ணு. அப்பா கரெக்டா வந்துட்டேன் பாத்தியா. அம்மாகிட்ட மறக்காம சொல்லணும்."

பதில் இல்லை. போன வாரத்துக் கோபம் போலிருக்கிறது...

வண்டி இழுத்தது. மகள் இருபத்து மூன்று கிலோ. ஐம்பது கிராம் குறைந்தால் கடைக்காரரை நடுங்க வைக்கும் மனிதர், பெடலில் எழுந்து நின்று மூச்சிரைத்தபடி, புத்தகப் பை நனைந்துவிட்டது என்று தீர்ப்பளித்தார். கைகள் சட்டையையும் தாண்டிச் சில்லிட்டன. வழக்கமான கிரேயான் வாசனை இல்லை. வருஷக்கணக்காகத் திறக்காத அலமாரியின் வாடை.

வீட்டு வாசல். மணியடித்தார். ஜன்னலில் மனைவி எட்டிப் பார்த்தாள். கதவு திறந்தது.

மகள் நின்றாள். கையில் பிஸ்கட்.

"ஏம்ப்பா இவ்ளோ லேட்டு? மழைன்னு டீச்சர் ஆறு மணிக்கே விட்டுட்டாங்க. அம்மாதான் கூட்டிட்டு வந்தாங்க. உங்களுக்கு எத்தனை தடவை போன் பண்றது?"

இடுப்பில் கைகள் இறுகின.

மனிதர் அலறவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவருடைய பஸ் பிரசங்கங்களை மன்னித்துவிடலாம். யாரோ பெற்ற பிள்ளை, இருட்டில் தவறி ஏறிவிட்டது என்று நினைத்தார்... நினைக்க முயன்றார். எதுவாக இருந்தாலும், தன் மகள் நிற்கும் வாசலில் இது இறங்கக் கூடாது.

"கதவச் சாத்திக்கோ கண்ணு," என்று சொல்லி வண்டியைத் திருப்பினார்.

வழியெல்லாம் பேசினார். உன் பேர் என்னம்மா... வீடு எந்தப் பக்கம்... மட்கார்டுதான் பதில் சொன்னது.

அதே கேட். விளக்கு அணைந்தது. திரும்பாமலே கோட்டைத் தூக்கினார்.

"இறங்கிக்கோம்மா. இங்கதான ஏறின."

கைகள் தளர்ந்தன. பின்சக்கரம் லேசாக எழும்பியது. சேற்றில் சளக்... சளக்... பிறகு மழைச் சத்தம் மட்டும்.

வீடு வந்து சேர ஏழே முக்கால். எதிர்க்காற்று, அதனால்தான் வண்டி இன்னும் இழுக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சுவரில் சாய்த்தார். கோட்டை உதறினார். மனைவி கதவை அகலத் திறந்து துண்டை நீட்டினாள்.

"யாரு வீட்டுப் பிள்ளைங்க? பத்திரமா விட்டுட்டீங்களா?"

"பிள்ளைங்க இல்ல. ஒண்ணுதான். கேட்டுலயே இறக்கி விட்டுட்டேன்."

"ஒண்ணா? ஜன்னல்ல நின்னு பாத்தேனே. கோட்டுக்குக் கீழ, கேரியர்ல நாலு கால் தொங்குச்சு."

உள்ளறையில் மகள் யாரிடமோ தணிந்த குரலில், பிஸ்கட் வேணுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் இப்போது பஸ்ஸில்தான் போகிறார்.