ஆய்வாளருக்கு ஒரு காது

— 'நீதிக்கு வயது கிடையாது, முகமும் கிடையாது. ஓர் ஆய்வாளரின் சொல் மலை போன்றது. எந்தக் காற்றும் அதை அசைக்காது.' எப்படி இருக்கு, ஒர்மான்? அறிக்கையோட முதல் வரியா இதைத்தான் போடப்போறேன்.

— நல்லா இருக்கு, ஷாரிபா அக்கா. கன்னத்துல மாவு ஒட்டியிருக்கு.

— எங்க?

— ரெண்டு பக்கமும். மூக்குலயும் கொஞ்சம்.

— இதோடயேவா போய் அந்தப் பள்ளிக்கூடத்துப் புது விளையாட்டுக் கூடத்துக் கதவுல நோட்டீஸ் ஒட்டினேன்? ஊர்த் தலைவர் ஜாகிப் என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னாரு. சட்டத்துக்குப் பயந்துட்டாருன்னு நினைச்சேன்.

— பயந்துதான் இருப்பாரு. சமையக்கட்டுல மாவு தேய்ச்சிக்கிட்டிருந்த பொண்ணு திடீர்னு வந்து பூட்டுப் போட்டா யாருக்குத்தான் பயம் வராது.

— என்னை ஏன் சமையக்கட்டுக்கு அனுப்பினாங்க? முதல்ல அதைச் சொல்லு.

— வந்து... வண்டியிலேர்ந்து நான் முதல்ல இறங்கிட்டேன்.

— இறங்கினே. சரி.

— இந்த வழுக்கையையும் தொப்பையையும் பார்த்தாங்க. 'தலைநகர் அஸ்தானாலேர்ந்து வந்த ஆய்வாளர் ஐயா, வாங்க வாங்க'ன்னு ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. பின்னாடி நீங்க பையைத் தூக்கிக்கிட்டு வந்தீங்க.

— 'நான் டிரைவருங்க'ன்னு சொல்ல ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

— சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள குதிரைப்பால் கிண்ணத்தை வாய்கிட்ட கொண்டுவந்துட்டாங்க. மறுக்க முடியுமா அக்கா, நீங்களே சொல்லுங்க.

— நான் சொன்னேன். அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். அந்தத் தலைவர் உத்து உத்துப் பார்த்துட்டு, 'பாப்பா, பொறந்த வருஷத்தைத் தப்பா அச்சடிச்சிருக்காங்க, அப்பாகிட்ட சொல்லி மாத்திக்கோ'ன்னு உன்னைக் காட்டினாரு. அட்டையில ஆய்வாளர்னு போட்டிருக்கேன்னு காட்டினா, 'ஓ, தன் ஆபீஸ்லயே வேலை வாங்கிக் கொடுத்துட்டாரா, நல்ல அப்பா'ங்கறாரு.

— எனக்கு முப்பத்தி நாலுதான் அக்கா ஆகுது.

— எனக்கு நாப்பத்தேழு. என் பொண்ணு காலேஜ் முடிச்சுட்டா. அவளைக் கூட்டிக்கிட்டுப் போய் காய்கறி வாங்கினா, 'அக்கா தங்கச்சியா'ன்னு கேட்கறாங்க. அதுலயும் அவதான் அக்கா. போன வருஷம் காதோரமா நரைச் சாயம் அடிச்சுக்கிட்டுப் போனேன். ஆபீஸ் வாசல்ல இருக்கற பையன் 'சூப்பர் ஃபேஷன், எந்தக் கடையில போட்டீங்க'ன்னான்.

— நல்லாத்தான் இருந்துச்சு அது.

— நீ பேசாதே. காலையில நான் கூரை மேல குளிர்ல தொங்கிக்கிட்டு விட்டத்தை அளந்தேனே, நீ கீழே நின்னு என்ன பண்ணிக்கிட்டிருந்தே?

— ஒண்ணும் பண்ணலை. அப்பப்போ 'ம்'னேன்.

— 'ம்'னியா.

— நான் 'ம்'ங்கும்போதெல்லாம் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் நோட்டுல எதையோ எழுதிக்கிட்டாரு. தலைவர் என் காதுகிட்ட வந்து, 'உங்க ஒரு பார்வை போதும் ஐயா, பாப்பாவை எதுக்கு மேல ஏத்தி சிரமப்படுத்தறீங்க'ன்னாரு.

— பன்னெண்டு இடத்துல போல்ட்டே இல்லை, தெரியுமா? துளை இருக்கு, போல்ட்டு இல்லை. வரைபடத்துல இருக்கற விட்டத்துல பாதி கனம்கூட அங்க இல்லை. அடுத்த வாரம் பனி கொட்டும். ஒரு முழம் பனி உட்கார்ந்தா அந்தக் கூரை அப்படியே இறங்கும். கீழே எண்பது பிள்ளைங்க பந்து விளையாடும். தலைவரு என்னடான்னா வெள்ளிக்கிழமை ரிப்பன் வெட்டப்போறாராம். கூரை போட்டது யாரு? அவரு மச்சான்.

— அதான் பூட்டிட்டீங்களே அக்கா.

— பூட்டு ஒரு நாளைக்குத்தான். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள நம்ம ஆபீஸ் பெரியவர் என் அறிக்கையில கையெழுத்துப் போடணும். போட்டாத்தான் அது நிக்கும். போடலைன்னா வெள்ளிக்கிழமை ரிப்பன், திங்கக்கிழமை பந்து. வேகமா ஓட்டு.

— ஓட்டறேன். ஆடு மாடு குறுக்க வருது.

— ஆட்டைப் பத்திப் பேசாதே. விருந்துல பெரிய விருந்தாளிக்கு வைக்கற ஆட்டுத் தலையை உனக்கு வெச்சாங்க. கதவுக்கு நேரெதிரே, பெரிய மனுஷங்க உட்கார்ற இடத்துல, பட்டு மெத்தையில நீ. நான் கதவோரமா தேநீர் ஊத்திக்கிட்டு. அதைக்கூட விட்டுடறேன். காதை அறுத்து எனக்குக் கொடுத்தது யாரு?

— வழக்கம்தானேக்கா. தலையை வாங்கினவன் காதை அறுத்து சின்னவங்களுக்குக் கொடுக்கணும்.

— சின்னவங்களுக்கு.

— ஒரு காதை அங்க இருந்த நாலாங்கிளாஸ் பையன் ஒருத்தன் வாங்கிட்டான். இன்னொண்ணைக் கையில வெச்சுக்கிட்டு சுத்திப் பார்த்தேன். எல்லாரும் உங்களையே பார்த்தாங்க. கொடுக்காம இருந்தா சந்தேகம் வரும்.

— சந்தேகம் வரட்டும்னுதானேடா நான் அட்டையை நீட்டினதே.

— நீங்க தின்னீங்களே.

— பசி. சமையக்கட்டுல தலைவர் வீட்டம்மா ரெண்டு மணி நேரம் விடலை. மாவு பிசை, தேய், வெட்டு. நடுவுல என் மணிக்கட்டைப் பிடிச்சுப் பார்த்து 'நல்ல எலும்பு'ன்னாங்க. முதுகைத் தட்டி, 'இருபத்தஞ்சு இருக்குமா'ன்னாங்க. நாப்பத்தேழுன்னேன். 'குறும்புக்காரி'ன்னு கன்னத்தைக் கிள்ளினாங்க. இந்த மாவு அப்ப ஒட்டினதுதான்.

— உங்களுக்குக் கன்னத்தையாவது கிள்ளறாங்க. எனக்கு பஸ்ல கல்யாணம் ஆகாத பொண்ணுங்க எழுந்து இடம் கொடுக்குதுங்க. 'உட்காருங்க தாத்தா.' போன மாசம் ஒருத்தி, பார்க்க லட்சணமா இருந்தா, கையைப் பிடிச்சு ரோட்டைக் கடக்க வெச்சா. நானும் கடந்தேன். அந்தப் பக்கம் எனக்கு வேலையே இல்லை.

— அதுக்காக மெத்தை கிடைச்ச இடத்துல படுத்துடறதா?

— பொய் சொல்ல மாட்டேன்க்கா. சொகமா இருந்துச்சு. நான் பேச ஆரம்பிச்சா எல்லாரும் நிறுத்தினாங்க. நம்ம வண்டிக்கு டயர் தேய்ஞ்சுபோச்சுன்னு சொன்னேன். அதுக்கும் தலையை ஆட்டினாங்க.

— பேசாம இரு, பெரியவர் கூப்பிடறார். சார், ஷாரிபாதான்... இல்ல சார், என் பொண்ணு இல்லை, நானேதான் பேசறேன்... போட்டோ எல்லாம் அனுப்பிட்டேன்... யாரு, ஜாகிப்பா? உங்களுக்கே போன் பண்ணினாரா... என்ன சார்? ... யாருக்கு? ... அவரு பையனுக்கா? ... சார், அந்தப் பையனுக்கு இருபத்தி நாலு வயசு... ஆமா சார், வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம் ஆச்சு, அதுக்காக... இல்ல சார், சத்தியமா இல்லை... என் பக்கம் யாருமே இல்லை, உள்ள இருந்தது என் டிரைவர் ஒருத்தன்தான் சார்... சரி சார். அஞ்சு மணிக்குள்ள வந்துடறேன்.

— என்னவாம்?

— கேட்டியா கூத்தை. நான் அந்த வீட்டுக்கு நிச்சயமான மருமகளாம். மகன் நூர்கெல்திக்கு. சொந்தக்காரங்க பண்ணின ஆய்வு செல்லாது, தூக்கிப் போடுங்கன்னு பெரியவர்கிட்ட சொல்லியிருக்காரு. காலையில பாப்பான்னாரு, நோட்டீஸைப் பார்த்ததும் மருமகள்ங்கறாரு. மச்சான் கூரையைக் காப்பாத்த நாப்பத்தேழு வயசுக்காரியைக் கூட பையன் தலையில கட்டத் தயார்.

— பெரியவர் என்ன சொன்னாரு?

— அவரு பழைய காலத்து மனுஷன். சட்டம் அவருக்கு அப்புறம்தான். ஒரே கேள்விதான் கேட்டாரு. ஆட்டு வால் கொழுப்பும் ஈரலும் ஊட்டினாங்களான்னு. ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் ஒருத்தர் வாயில ஒருத்தர் அதை ஊட்டிக்கிட்டாத்தானே சம்பந்தம். ஊட்டிட்டா முடிஞ்சது, கையெழுத்துப் போட மாட்டேன்னாரு. என் பக்கத்துப் பெரியவங்கன்னு அங்க யாரு இருந்தா? நான் சமையக்கட்டுல. உள்ள உட்கார்ந்திருந்தது என் டிரைவர் ஒருத்தன்தான் சார்னேன். சிரிச்சுட்டாரு. பேனாவைத் திறந்தே வெச்சிருக்கேன், வான்னாரு.

— அப்படியா.

— அப்படித்தான். மூஞ்சி எப்படி இருந்தா என்ன, கடைசியில எழுத்துதான் நிக்கும்... ஏன் வண்டியை நிறுத்தினே?

— சும்மாதான்க்கா.

— மணி நாலாச்சு. எடு.

— விருந்துல தலைவர் வந்து என் பக்கத்துல உட்கார்ந்தாரு. 'பொண்ணு கூரை ஏறுது, மாவு தேய்க்குது, எதிர்த்துப் பேசலை'ன்னாரு. ஆமான்னேன். 'என் பையன் டிராக்டர் ஓட்டறான்'னாரு. நல்லதுன்னேன்.

— ஒர்மான்.

— அவரு எனக்கு ஊட்டினாரு, நான் அவருக்கு ஊட்டினேன். உப்பு சரியா இருந்துச்சு. ரெண்டாவது வாய் நானே கேட்டு வாங்கினேன்.