எட்டு செகண்ட் இருட்டு

— மறுபடியும் செத்துட்டீங்க.

— இல்ல சார். எழுந்தேன். இந்தத் தடவை நிஜமாவே எழுந்தேன்.

— எழுந்தீங்க. எழுந்து உக்காந்து, கடைசியில ஒரு மூச்சு விட்டீங்க பாருங்க, அதுல போயிட்டீங்க. போட்டுக் காட்டவா?

— வேண்டாம். என் சாவை நானே எத்தனை தடவை கேக்கறது. காலையில பதினோரு மணிக்குள்ள இந்த டப்பிங் மைக் முன்னாடி எட்டு சாவு அலறி முடிச்சுக் குடுத்தேன். கத்தி, நெருப்பு, குதிரைக் குளம்பு, பாழுங்கிணறு, மணிக்கூண்டு மேலேருந்து விழறது, எல்லாம் ஒரே டேக். சாகறதுக்கு ஒரே டேக் எடுத்தவளுக்குப் பொழைச்சு வர்றதுக்குப் பதினேழு. சிரிக்காதீங்க. நீங்க ரெக்கார்டிங் ரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தா எனக்குத் தெரியாதா?

— சிரிக்கலை. பதினெட்டு போலாமா?

— தண்ணி குடிச்சுக்கறேன். அதுக்குள்ள அந்த சீனை இன்னொரு தடவை சொல்லுங்க. டைரக்டர் உங்ககிட்ட சொன்ன மாதிரியே சொல்லுங்க, உங்க சிக்கனத்தைக் காட்டாதீங்க.

— கோட்டை வாசல். பீரங்கி வெடிக்குது. படைத்தலைவி விழறா. திரை இருட்டு. எட்டு செகண்ட். இசை கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஒரு மூச்சு. 'இடைவேளை'ன்னு எழுத்து வருது.

— அவளுக்குச் சாவே கிடையாதுன்னு அதுவரைக்கும் ஜனங்களுக்குத் தெரியாது.

— தெரியாது. ஆயிரம் வருஷமா அவ செத்துச் செத்து எழுந்த கதையெல்லாம் இடைவேளைக்கு அப்புறம்தான். அந்த ஒரு மூச்சுல புரியணும். கடைசி வரிசைக்காரனுக்கும் புரியணும். புரியலைன்னா, நாயகி போயிட்டா, படம் முடிஞ்சுதுன்னு செருப்பைத் தேட ஆரம்பிச்சுடுவான்.

— நேத்து பஸ்ல வரும்போது இந்தப் படத்துக்குக் கதை எடுத்த காமிக்ஸைப் படிச்சேன் சார், என் பொண்ணோட புத்தகம். இந்த இடத்துல ஒரு முழுப்பக்கம் கறுப்பு. நடுவுல வெள்ளையா ஒரு பேச்சுக் குமிழ். உள்ள ஒரு எழுத்து இல்ல. மத்த பக்கமெல்லாம் 'டமார்', 'சரக்', 'ஆஆ'ன்னு இரைச்சல் தாங்கலை. இதுல மட்டும் காலி. படம் போட்டவர் நைசா தப்பிச்சுட்டார். அவர் காலியா விட்டதை நான் வந்து ரொப்பணுமாம்.

— ரொப்பிடுவீங்க. பார்க்கலாம்.

— இந்தப் 'பார்க்கலாம்' ஒண்ணு போதும் உங்களுக்கு. எனக்கு இதுல என்ன கிடக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?

— தெரியும்.

— தெரிஞ்சாலும் சொல்றேன், சொன்னாத்தான் எனக்கு வேகம் வரும். அந்தப் படைத்தலைவிக்கு நடிக்கறவங்க ஒருத்தர், பேசறவங்க ஒருத்தர், சாகறவ நான். ஒரு உடம்புக்கு மூணு பேர். பேசறவங்க, 'இந்தப் போர்க்கள வசனமெல்லாம் என் தொண்டைக்கு ஆகாது, ரெண்டாம் பாகத்துக்கு வேற ஆளைப் பாருங்க'ன்னுட்டாங்க. டைரக்டர் என்ன சொன்னார்? 'இருட்டுல அந்த மூச்சு யாரோடதோ, ரெண்டாம் பாகத்துல குரல் அவங்களோடது'ன்னார். முழுப் படம் சார். இருபத்திமூணு வருஷத்துல இந்த மைக் முன்னாடி நான் ஒரு வாக்கியம் பேசினதில்ல. 'ஐயோ'தான் என்னோட நீள வசனம்.

— 'அம்மா'வும் உண்டு.

— அது பிரசவ சீன்ல. அதுலயும் செத்துட்டேன். ஆபீஸ்ல எல்லாரும் 'அலறல் அக்கா எங்க'ன்னுதான் கேக்கறாங்க. என் பேரு என்னன்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது. சரி, மணி என்ன?

— மூணே கால். நாலு மணிக்கு டைரக்டர் வர்றார்.

— வெளிய சோபாவுல ஒரு பொண்ணு பையை மடியில கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கே. எனக்கு வரலைன்னா அடுத்து அதுவா?

— மேனேஜர் வரச்சொல்லியிருக்கார். நான் சொல்லலை.

— நீங்க சொல்லலைன்னு எனக்குத் தெரியும். பாவம், பயந்து போயிருக்கு. டீ குடுத்தாங்களான்னு பாருங்க. சரி, போலாம்.

— ரெடி. பதினெட்டு.

— … எப்படி?

— செத்துட்டீங்க.

— போங்க சார். நான் வீட்டுக்குப் போறேன்.

— இருங்க. ஒண்ணு கவனிச்சேன். சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.

— பதினெட்டு தடவை கொன்னீங்க, கோவிச்சுக்கிட்டேனா?

— மூச்சை உள்ள இழுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கறீங்க. இடது பக்கம். ஒவ்வொரு டேக்லயும். அதனால இழுக்கற சத்தம் மைக்குல விழவே இல்ல. வெளிய விடறது மட்டும்தான் விழுது. வெளிய போற மூச்சு மட்டும் கேட்டா அது சாவுதானே.

— திருப்பறேனா?

— கண்ணாடி வழியா பார்த்துட்டேதானே இருக்கேன்.

— சார், அது கையெழுத்து மாதிரி ஆயிடுச்சு. அலறலுக்கு நடுவுல மூச்சு வந்தா நீங்க வெட்டணும், உங்களுக்கு வேலை. அதனால திரும்பி எடுத்துட்டுத் திரும்பி வரணும். என் பொண்ணு கேலி பண்றா. போன்ல பேசும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் மூச்சு எடுக்கறேனாம். தூங்கும்போது சுவரைப் பார்த்து எடுக்கறேனாம். யார் இந்தப் பழக்கத்தைப் பண்ணினது எனக்கு?

— நான்தான்.

— நீங்களா?

— முதல் நாள். வெள்ளம் வர்ற சீன். 'இது என்ன, மைக்கைக் குடிக்கறீங்களா, திரும்பி எடுங்க'ன்னு சத்தம் போட்டேன். நீங்க அழுதுட்டீங்க.

— ஞாபகம் இருக்கு. அன்னிக்கு உங்களைக் கட்டையில போறவரேன்னு மனசுக்குள்ள திட்டினேன். சரி, அது போகட்டும். இப்ப திரும்பாம எடுக்கறேன், போடுங்க.

— பத்தொன்பது. ரெடி.

— … திரும்பிட்டேனா?

— பாதி.

— கழுத்து தானா போகுது சார். நான் சொன்னா கேக்கலை. நாற்காலியோட சேர்த்துக் கட்டிப் போட்டுடுங்க.

— இருபது.

— …

— நிறுத்திக்கலாம். இதுல மூச்சே இல்ல.

— மூச்சை எடுத்தா திரும்பிடறேன், திரும்பக் கூடாதுன்னு நினைச்சா மூச்சு வரமாட்டேங்குது. நல்லா இருக்கு கதை. சாவே இல்லாத பொம்பளைக்கு மூச்சு விடத் தெரியாதவ குரல் குடுக்கறா. அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க சார். நிஜமாத்தான் சொல்றேன். அது இன்னும் எதையும் கத்துக்கலை, அதுக்கு வரும்.

— கொஞ்சம் இருங்க.

— எங்க போறீங்க? சாப்பாட்டுப் பையில என்ன தேடறீங்க? காலையிலயே பாதிச் சாதத்தை எனக்குக் குடுத்தாச்சு.

— இது.

— அந்தப் பச்சை ஹார்ட் டிஸ்க்கா? போன மாசம் அசிஸ்டெண்ட் தெரியாம எடுத்துட்டாருன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தினீங்களே, அதுவா? வாழ்க்கையிலயே அன்னிக்குத்தான் நீங்க நாலு வாக்கியம் சேர்ந்தாப்பல பேசினீங்க. என்ன சார் இருக்கு அதுல?

— ஹெட்போனைப் போட்டுக்குங்க. லைட்டை அணைச்சுடறேன். கேளுங்க.

— … இது யாரு?

— இன்னொரு தடவை போடறேன்.

— சார், இது யாரோ சின்னப் பொண்ணு. தண்ணிக்குள்ளேருந்து வந்து ஆவ்னு வாயைத் திறந்து… இது… இது நானா?

— முதல் நாள். வெள்ளம் சீன். வெட்டினது.

— வெட்டினா குப்பையிலதானே போடுவீங்க?

— போடலை.

— இன்னொரு தடவை போடுங்க. எவ்வளவு பெரிய மூச்சு. வெக்கமே இல்லாம எடுத்திருக்கேன் பாருங்க, ஊர்ல உள்ள காத்தெல்லாம் எனக்குன்னு. இருபத்தோரு வயசு. அப்ப பொண்ணுகூட பொறக்கலை. அவளோட அப்பா அப்ப கூடத்தான் இருந்தார், அப்புறம்தான் கதவைக்கூடச் சாத்தாமப் போனார். அது எதுவும் தெரியாது இந்தப் பொண்ணுக்கு.

— நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அது தப்பு. ரொம்ப நாளா சொல்லணும்னு.

— விடுங்க சார். நீங்க சொல்லலைன்னா வேற ஒருத்தர் சொல்லியிருப்பார். இது நல்லாத்தானே இருக்கு? இதையே அந்த இருட்டுல வெச்சுடுங்களேன். மணி மூணே முக்கால் ஆயிடுச்சு. என் மூச்சுதானே, திருட்டு இல்லையே.

— வெச்சுப் பார்த்தேன். பொருந்துது. யாருக்கும் தெரியாது.

— டைரக்டருக்கு?

— பிடிக்கும். ரெண்டாம் பாகம் உங்களுக்குத்தான். சரின்னு சொன்னீங்கன்னா இப்பவே சேர்த்துடறேன்.

— இருட்டுல வெச்சு ஒரு தடவை போடுங்க. அந்த எட்டு செகண்டோட.

— இதோ.

— … இல்ல சார்.

— என்ன இல்ல?

— இது சரியில்ல. இது ரொம்ப நல்ல மூச்சு, ஆனா இவ இன்னும் ஒரு தடவைகூட சாகலை. அந்தப் படைத்தலைவி, காலையில நான் அலறிக் குடுத்தேனே, அந்த எட்டு தடவையும் செத்தவ. இப்ப ஒன்பதாவது. எழுந்தா திரும்பச் சண்டை, திரும்ப வலின்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் எழறா. இந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்? தெரியாம எடுத்த மூச்சு இது. எனக்குத் தெரிஞ்சு எடுக்கணும்.

— பன்னெண்டு நிமிஷம்தான் இருக்கு.

— ஒரு மூச்சுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? லைட்டைப் போடாதீங்க, இருட்டாவே இருக்கட்டும். மைக்கைக் கொஞ்சம் கீழ இறக்கியிருக்கேன். ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கறேன், தப்பா?

— கை சத்தம் விழும்.

— விழட்டுமே. அவளும் எதையாவது பிடிச்சுக்கிட்டுத்தானே எழுவா. எண்ணாதீங்க. 'ரெடி' சொல்லாதீங்க. ஆரம்பிக்கச் சொல்ற பீப் சத்தமும் வேண்டாம். சும்மா ஓட விடுங்க.

— ஓடுது.

— …

— …

— சார்?

— …

— சார், 'கட்' சொல்லலை நீங்க.

— எங்க சொல்றதுன்னு தெரியலை. நீங்க அதை வெளிய விடவே இல்ல.

— விடலையா?

— இழுத்தீங்க. அப்படியே வெச்சுக்கிட்டீங்க. இடைவேளைன்னு எழுத்து வந்து போச்சு, அதுக்கப்புறமும் வெச்சுக்கிட்டு இருந்தீங்க. நான் இங்க மூச்சு விட மறந்துட்டேன்.

— திரும்பினேனா?

— இருட்டு. தெரியலை. ஆனா முழுசா விழுந்திருக்கு. கையோட சேர்த்து.

— போட்டுக் காட்டாதீங்க. எனக்கு வேண்டாம். நல்லா இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க. 'பார்க்கலாம்'னு மட்டும் சொன்னீங்க…

— நல்லா இருக்கு.

— இன்னொரு தடவை சொல்லுங்க.

— ரொம்ப நல்லா இருக்கு. ஒரு நிமிஷம், டைரக்டர் வந்துட்டார். இங்கேயே இருங்க.

— … என்ன ஆச்சு சார்? கண்ணாடி வழியா உங்க ரெண்டு பேரோட நிழல் மட்டும்தான் தெரிஞ்சுது. அவர் ஏன் அப்படித் தலையைப் பிடிச்சுக்கிட்டார்? பிடிக்கலையா?

— மூணு தடவை கேட்டார். லைட்டை அணைச்சு வெச்சு. முதல் தடவை ஒண்ணும் சொல்லலை. ரெண்டாவது தடவை, 'காமிக்ஸ்ல அந்தக் குமிழ் ஏன் காலியா இருக்குன்னு இப்பத்தான் புரியுது'ன்னார். மூணாவது தடவை உங்க பேரைக் கேட்டார்.

— அலறல் அக்கான்னு சொன்னீங்களா?

— முழுப் பேரும் சொன்னேன். இனிஷியலோட. எழுதியும் குடுத்தேன். ரெண்டாம் பாகத்துல டைட்டில் எழுத்து ஓடும்போது தப்பு வரக் கூடாதில்ல.

— கொஞ்ச நேரம் என்னை விட்டுடுங்க சார். அழுகை இல்ல, இருட்டுல கண்ணு கூசுது.

— இருட்டுல கூசாது.

— எனக்குக் கூசும். அந்தப் பொண்ணு போயிடுச்சா?

— இன்னும் சோபாவுலதான். டீ குடிக்குது.

— போக விடாதீங்க. ரெண்டாம் பாகத்துல நான் பேசப்போனா சாகறதுக்கு ஒரு ஆள் வேணுமே. நான் சொல்லித் தர்றேன்னு சொல்லுங்க. நீங்க ஒண்ணு மட்டும் பண்ணுங்க, அதுகிட்ட முகத்தைத் திருப்பிக்கச் சொல்லாதீங்க.

— சொல்லமாட்டேன்.

— அந்த டிஸ்க்குல அந்த ஒரு மூச்சுதானா இருக்கு?

— இல்ல. இருபத்திமூணு வருஷத்துது இருக்கு. நீங்க திரும்பிக்க மறந்தது எல்லாம். தேதி போட்டு.

— வேலைக்கு ஆகும்னா?

— அப்படித்தான் முதல்ல எடுத்து வெச்சேன்.

— நல்ல வேலைக்காரர்தான். இந்த ரூம்ல எத்தனை பேர் வந்து பேசிட்டுப் போறாங்க, அவங்க மூச்சையும் வெட்டறீங்க. அதெல்லாமும் அதுல இருக்குமே.

— வெட்டறது எல்லாரோடதையும்தான்.

— நான் வெட்டறதைக் கேக்கலை. வெச்சிருக்கறதைக் கேக்கறேன்.

— உங்களோடது மட்டும்தான். லைட்டைப் போடவா?

— வேண்டாம். மைக் ஓடிட்டு இருக்கா சார்?

— ஓடுது.

— அணைச்சிடுங்க. இனிமே நான் சொல்லப்போறது படத்துக்கு இல்லை.