401 நெடுஞ்சாலையில் மெதுவாகப் போனமை தொடர்பாக

பெயர்: அம்பலவாணர் ஸ்ரீஸ்கந்தராசா. வயது: 56. தொழில்: முன்னர் யாழ்ப்பாணத்தில் காணிக் கந்தோர் லிகிதர், இருபத்திரண்டு வருட சேவை, தற்போது மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்யும் வேலை. வதிவிடம்: ஸ்காபரோ, வோபர்ன் பகுதி, அடுக்குமாடியில் பதினோராம் மாடி.

1996 யூன் 13, வியாழக்கிழமை முற்பகல், குடியுரிமைக் கந்தோரில் அதிகாரி அம்மையார் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்க, மொழிபெயர்ப்பாளர் செல்வி பேர்ணடெற் அதைத் தமிழில் எனக்குச் சொல்லி, என் பதிலை எழுதிக்கொள்ள, சத்தியம் செய்தபின் நான் கூறுவது:

எனது ஒரே மகள் மயூரிக்கு வருகிற ஆவணி மாதம் ஒஸ்லோ நகரில் திருமணம். மாப்பிள்ளைக்கு அங்கே வேலை. என்னிடம் கனடாக் கடவுச்சீட்டு இருந்தால் நான் விசா இல்லாமல் போய் என் பிள்ளையைக் கைபிடித்துக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் நோர்வேக்காரர் விசா தரும்வரை இங்கே நிற்க வேண்டும், கலியாணத்தை வீடியோவில்தான் பார்க்க வேண்டும். மனைவி குணவதியின் விண்ணப்பம் ஒரு தடையுமில்லாமல் போய்விட்டது. எனது விண்ணப்பம் மட்டும் ஐந்து மாதமாக நிற்கிறது. காரணம், குற்றம் பற்றிய கேள்விக்கு நான் 'ஆம்' என்று எழுதி, விபரங்களை ஒன்பது பக்கத்தில் இணைத்திருந்ததே என்று இன்றுதான் அறிகிறேன்.

அந்த ஒன்பது பக்கத்தில் முதலாவது, 1962 இல் வெளிச்சமில்லாமல் சைக்கிள் ஓடி யாழ்ப்பாணத்தில் பொலிசாரிடம் பிடிபட்டமை. இரண்டாவது, 1993 மாசியில் ஐஸில் கார் சறுக்கிப் பக்கத்துக் கட்டிடத்தின் குப்பைத் தொட்டியில் முட்டியமை. அதை ஒருவரும் காணவில்லை. நானே மன்னிப்புக் கடிதம் எழுதித் தொட்டியில் ஒட்டிவிட்டு வந்தேன். அதன் பிரதியும் இணைக்கப்பட்டுள்ளது. மூன்றாவதுதான் பெரியது.

1995 மே 21, ஞாயிற்றுக்கிழமை, மயூரியின் சம்பந்தம் பேசுவதற்காக மாப்பிள்ளையின் தகப்பனார் மகேஸ்வரன் அவர்கள் இருக்கும் விற்பிக்கு நானும் மனைவியும் காரில் போனோம். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு மணிவரை ராகுகாலம். ஆகையால் மனைவியின் சொற்படி நாலு இருபத்தைந்துக்கே வீட்டிலிருந்து வெளிக்கிட்டோம். அதன் பின்னர் 401 இல் ஏறியதும்தான், வெளிக்கிடும் நேரம் நல்ல நேரமாக இருந்தால் போதாது, போய்ச் சேரும் நேரமும் நல்ல நேரமாக இருக்க வேண்டும் என்று மனைவி கூறினார். விற்பி அரை மணித்தியால ஓட்டம். ராகுகாலத்தின் நடுவில் போய்க் கதவைத் தட்டுவோம் என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

எங்காவது கோப்பிக் கடையில் நின்று போகலாம் என்றேன். நிற்கக் கூடாது, நின்றால் பயணம் முறியும், பிறகு ராகுகாலத்தில் புதிதாக வெளிக்கிட்ட கணக்காகிவிடும் என்று மனைவி கூறினார். கிங்ஸ்டன் வீதியால் போகலாம் என்றேன். அதில் சிக்னலில் நிற்க வேண்டி வரும் என்றார். அதன் பின்னர் நான் மனதில் கணக்குப் பார்த்தேன். முப்பது கிலோமீற்றர் தூரம், நூறு நிமிடம். மணிக்குப் பதினெட்டுக் கிலோமீற்றர் ஓட வேண்டும். என் பழைய சைக்கிள் அதைவிட வேகமாகப் போகும். நான் சட்டத்தை மதிப்பவன் என்றபடியால் முப்பத்தைந்தில் ஓடினேன். பின்னால் வந்த லொறிகள் ஹோர்ண் அடித்தன. ஒரு கிழவி என்னைக் கடந்து போகும்போது ஜன்னலைத் திறந்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பதைச் செல்வி பேர்ணடெற் மொழிபெயர்க்கத் தேவையில்லை.

நாலு ஐம்பத்திரண்டுக்கு ஏஜக்ஸ் நகரைத் தாண்டுமுன் பொலிஸ் கார் ஒன்று பின்னால் வந்து மறித்தது. பயணம் முறிந்ததே என்று மனைவியைப் பார்த்தேன். மனைவி கண்ணை மூடிச் சிறிது யோசித்துவிட்டு, "அரசாங்கம் மறிச்சது எங்கடை கணக்கிலை வராது" என்று கூறினார். அதன் பின்னர், ஆறு மணிவரை பொலிஸ்காரரை விடாமல் பிடித்து வைத்திருக்கும்படி எனக்குச் சொன்னார்.

ஆகையால் நான் பொலிஸ்காரரிடம் காரின் பின் விளக்குகளைச் சோதிக்கும்படி கேட்டேன். அவர் சோதித்தார். பிறேக்கையும் பார்க்கும்படி கேட்டேன். பத்திரங்களை மறுபடி ஒருமுறை சரிபார்க்கும்படி கேட்டேன். இருபது வருடத்தில் இப்படி ஒருவரும் தன்னிடம் கேட்டதில்லை என்று சொல்லி அவர் என்னை ஊதச் செய்தார். நான் மூன்று முறை ஊதினேன். மூன்றாவது என் விருப்பத்தின் பேரில். கடைசியில் காரணமின்றி மெதுவாக ஓடியதற்குத் தண்டம் கட்டும்படி ரிக்கெற் எழுதினார். காரணம் இருந்தது என்றும், அதை எழுத இடம் போதாது என்றும் தெரிவித்தேன். அவர் எங்களை விடும்போது ஐந்து நாற்பத்தைந்து. ஆறு ஐந்துக்கு விற்பியில் வலது காலை வைத்து வீட்டுக்குள் போனோம். முதல் தேத்தண்ணி குடித்து முடியுமுன் சம்பந்தம் சரிவந்தது.

மனைவி அந்த ரிக்கெற்றைச் சாமி அறையில் வைத்துப் பொட்டு வைத்தார். நான் இணைத்த அசல் ரிக்கெற்றில் காணப்படும் சிவப்புக் கறை இரத்தமா என்று அதிகாரி கேட்டார். அது குங்குமம்.

இதெல்லாவற்றையும் கேட்டபின் அதிகாரி, படிவத்தின் கேள்வி கிரிமினல் குற்றங்களைப் பற்றியது, வீதிப் பிழைகளைப் பற்றியதல்ல, சைக்கிளைப் பற்றியதும் அல்ல, ஆகவே 'ஆம்' என்பதை வெட்டி 'இல்லை' என்று எழுதிக் கையொப்பம் வைத்தால் விண்ணப்பம் இன்றே மேலே போகும் என்று கூறினார். நான் மறுத்தேன். ஏன் என்று கேட்டார்.

சொல்கிறேன். 1989 இல் அகதி விசாரணையில், கொழும்பில் நான் ஆறு நாள் தங்கிய ஒரு லொட்ஜின் பெயரை எழுத மறந்துவிட்டேன். இரண்டு மணித்தியாலம் அந்த லொட்ஜைப் பற்றியே கேட்டார்கள். கட்டிலின் நிறம் என்ன என்றும் கேட்டார்கள். என்னைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்தேன். அன்றிலிருந்து எந்தக் கடதாசியிலும் ஒன்றையும் விட எனக்குப் பயம். இன்றைக்கு 'இல்லை' என்று எழுதி, நாளைக்கு ஒருவர் அந்தக் குப்பைத் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தால் நான் என்ன செய்வது? பிள்ளையின் கலியாணம் முக்கியம்தான். ஆனால் பொய் எழுதி அந்தக் கலியாணத்துக்குப் போக மாட்டேன் என்று கூறினேன்.

இந்த இடத்தில், என்னோடு வந்து பக்கத்துக் கதிரையில் இருந்த மனைவி எழும்பி, நான் தடுத்தும் கேளாமல், பின்வருமாறு கூறினார்:

"பிள்ளை பேர்ணடெற், உந்த அம்மாவுக்கு நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லும். இந்த மனுசன் பொய்யே சொல்லாத ஆள் இல்லை. கார் லைசென்ஸ் ரெஸ்ற்றிலை நாலு தரம் பெயில். அஞ்சாந்தரம்தான் பாஸ் பண்ணினவர். விற்பியிலை சம்பந்தியிட்டை முதல்தரமே பாஸ் எண்டு சொல்லி வைச்சிருக்கிறார். அங்கை கூசாத வாய், இஞ்சை 'இல்லை' எண்டு ஒரு சொல்லு எழுதக் கூசுதாமோ?"

செல்வி பேர்ணடெற் என்னைப் பார்த்து, "அங்கிள், நான் எல்லாத்தையும் சொல்லத்தான் வேணும்" என்று கூறிவிட்டு மொழிபெயர்த்தார். அதிகாரி இது உண்மையா என்று என்னைக் கேட்டார். நான் சத்தியம் செய்திருந்தபடியால் ஓம் என்றேன். கார் ஓடுவதற்கான சோதனையில் தவறுவதும் குற்றமல்ல, சம்பந்தியிடம் பெருமை பேசுவதும் இந்த நாட்டில் குற்றமல்ல, கேள்விக்கு 'இல்லை' என்பதுதான் உண்மையான பதில், தான் எழுத்தில் தருகிறேன் என்று அதிகாரி கூறினார். அப்படியே எழுதி முத்திரை குத்தித் தந்தார்.

அதன் பின்னர் நான் 'ஆம்' என்பதை ஒற்றைக் கோட்டால் வெட்டி, மேலே 'இல்லை' என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பமும் திகதியும் இட்டேன். யூலை 24 ஆம் திகதி பிரமாணம் எடுக்க வரும்படி கூறப்பட்டது. கடவுச்சீட்டு எடுக்க நேரம் காணும். எனக்குக் கண் கலங்கியது. காரணம் கேட்கப்படவில்லை.

மேலே உள்ளவை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன. எல்லாம் நான் சொன்னதே, எல்லாம் உண்மையே. மனைவி கூறிய பகுதியை நீக்கும்படி கேட்டேன். அதுவும் உண்மை என்றபடியால் நீக்க முடியாது என்றார்கள். ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை, மனைவியைத் தவிர.

வாக்குமூலத்தின் பிரதி வேண்டுமா என்று கேட்கப்பட்டது. நான் வேண்டாம் என்றேன். மனைவி இரண்டு கேட்டு வாங்கினார். ஒன்று தனக்கு, மற்றது விற்பிக்கு.

(ஒப்பம்) அ. ஸ்ரீஸ்கந்தராசா