பதில் இல்லை, மீண்டும் அழைக்கவா?

ஒன்பதாயிரத்து நானூற்று ஆறு காலைகளாக நம் துறைமுகக் கணினி ஒரே ஒரு பிழைச்செய்தியோடு கண் விழிக்கிறது. மற்ற பிழைகளையெல்லாம் தீர்த்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் தொடாமல் விட்டு, இன்று பணி ஓய்வு பெறுகிறீர்கள்.

பட்டம் சேர்த்து அழைக்கும் வழக்கம் நம் ஊரில் இல்லை. பெயரோடு 'எங்கள்' என்று சேர்ப்பதுதான் இங்கே பெரிய மரியாதை. ஆகவே எங்கள் ஹல்பேரா, மூடுபனியின் மொழி அறிந்தவரே, மினுங்கும் திரையின் முன் முகம் சுளிக்காதவரே, வணக்கம்.

நம் வடகடல் தீவின் மொழியில் 'பிழை' என்ற சொல்லுக்கும் 'வழி தவறுதல்' என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றே. பள்ளியில் எல்லோரும் அதைப் படித்தோம். நீங்கள் ஒருவர்தான் நம்பினீர்கள். திரையில் செய்தி எழுந்ததும் நாங்கள் பதறி மூடுவோம். நீங்கள் மூட விடமாட்டீர்கள். பனிக்குள் நின்று யாரோ குரல் கொடுப்பதுபோல் காது கொடுப்பீர்கள்.

நம் துறைமுகத் தலைவர் ஓட்கெல் பொறுப்பேற்ற வாரம் நினைவிருக்கிறதா?

"ஹல்பேரா, இது மறுபடியும் என்னைத் திட்டுது."

"திட்டல, ஓட்கெல். கூப்பிடுது. மூடாம முழுசாப் படி. வாய்விட்டுப் படி."

"'அச்சுப்பொறியில் காகிதம் இல்லை.'"

"அப்ப அதுக்கு என்ன வேணும்?"

"...காகிதம்."

"புயல்ல கப்பலையே கரை சேர்க்கிற ஆளு நீ. காகிதத்தையும் சேர்த்துடுவ."

'கடவுச்சொல் தவறு' என்றால், முதலில் கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொல்வீர்கள். 'நினைவகம் போதவில்லை' என்றால், திறந்து மறந்த சன்னல்களைச் சாத்தச் சொல்வீர்கள். 'கோப்பு காணவில்லை' என்று நாங்கள் கலங்கும்போது, "அது எங்கயும் போகல, நீ பேரை மாத்தியிருப்ப, இல்ல வேற இடத்துல வச்சிருப்ப" என்பீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியது எது என்று நினைவில் வை என்பீர்கள். அணைத்துப் போடுவது எப்போதும் கடைசி. "அணைச்சுப் போட்டா சரியாயிடும். ஆனா ஏன் தொலைஞ்சுதுன்னு தெரியாமலே போயிடும்." எந்தப் பிழைக்கும் உங்கள் முதல் கேள்வி ஒன்றுதான்: "கடைசியா வழி தெரிஞ்சப்ப எங்க நின்ன?"

இனி அந்த ஒரு செய்தி. காலை எட்டு மணிக்குக் கணினி நம் படகுகளை ஒவ்வொன்றாக அழைக்கும். கடலில் இருக்கும் படகு தான் நிற்கும் இடத்தைச் சொல்லும். கட்டிக் கிடக்கும் படகும் சொல்லும். பெயர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகும். கடைசியில் ஒரு வரி சாம்பல் நிறத்திலேயே நிற்கும்: 'கிரீயா: பதில் இல்லை. மீண்டும் அழைக்கவா?' கீழே இரண்டு பொத்தான்கள், 'மீண்டும்', 'நீக்கு'.

இயற்பியல் படித்துவிட்டு நான் இங்கே சேர்ந்த முதல் காலையில், "நீக்கிடவா?" என்று கேட்டேன். காபிக் கோப்பையில் கரண்டிச் சத்தம் நின்றது. ஓட்கெல் தன் பெரிய கையை விசைப்பலகை மேல் வைத்தார். நீங்கள் மட்டும் இயல்பாகச் சொன்னீர்கள்.

"வேணாம்மா. 'மீண்டும்'னு அமுக்கு. அப்புறம் காபி போடு."

வரும் திங்களன்று புதிய கணினி வருகிறது. படகுப் பட்டியலை அதற்கு மாற்றத் தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து வந்த இளைஞர் உங்களிடம் கேட்டார்: "ஒரு படகு பதிலே தர்றதில்லீங்க. பழசு போல. விட்டுடலாமா?"

நீங்கள் சன்னலைப் பார்த்தீர்கள். வெளியே ஆலாப் பறவைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. உலகின் மறுகோடி வரை போய், மே மாதம் தவறாமல் திரும்பும் பறவைகள். நம் மொழியில் அவற்றின் பெயரும் கிரீயாதான். "உங்க இஷ்டம்" என்றீர்கள். உங்கள் இருபத்தெட்டு ஆண்டுப் பணியில் ஒரு செய்தியிலிருந்து நீங்கள் முகம் திருப்பியதை அன்றுதான் பார்த்தோம்.

நீங்கள் வெளியே போனதும் ஓட்கெல் எழுந்தார்.

"இந்தாப்பா, பட்டியல் முழுசாப் போகணும்."

"அது வீண் வரிங்க. தினம் பிழை காட்டும்."

"காட்டட்டும். நீ கிளெய்னாப் பணியாரத்தைச் சாப்பிடு, ஆறிடப் போகுது."

எங்கள் ஹல்பேரா, முழங்கால் நோகாமல், கண்ணொளி குன்றாமல், ஊர் வெந்நீர்க் குளத்தில் காலைதோறும் நீந்தி, நெடுங்காலம் நலமாக வாழுங்கள். எட்டு மணிக்கு இந்த அறையின் நினைவு வந்தால் கலங்க வேண்டாம். புதிய திரையிலும் அந்த வரி வரும். முதலில் வருகிறவர் 'மீண்டும்' என்பதை அமுக்குவார். பிறகு காபி போடுவார்.

மூடாமல் முழுசாகப் படி, வாய்விட்டுப் படி என்று சொல்லித் தந்தவர் நீங்கள். இத்தனை ஆண்டுகளாக இந்த அறையில் யாரும் வாய்விட்டுப் படிக்காத செய்தியை, உங்கள் முன்னால் இன்று படிக்கிறோம்.

கிரீயா, உங்கள் தம்பி கிஸ்ஸூர் கடலுக்குக் கொண்டுபோன படகு. பதில் இல்லை. மீண்டும் அழைப்போம்.

துறைமுக அலுவலகத்தார்
ஆலாக்கள் திரும்பிய வாரம்