ஆறு பேருக்கு ஒரு சஹன்

— பாலத்தடிக் குழியில விழேக்க ஒரு சத்தம், அவ்வளவுதான் அக்கா. இறங்கிப் பெட்டிக் கட்டை அவிழ்க்கிறன், ஒரு பீங்கான் தட்டுக்கூட முழுசா இல்ல. மாதாவே, அந்த இடத்திலயே த்ரீவீலை வித்துப்போட்டு ஆடு மேய்ப்பமெண்டு நினைச்சன்.

— ஆடு பாவம், பீற்றர் தம்பி. தேத்தண்ணியக் குடிங்க.

— சிரியாதேங்க அக்கீலா அக்கா. நீங்களும் என்ர மனுசி யூஜீனியாவும் வருசக்கணக்கா வெயில்ல வீடு வீடா நடந்து கட்டின கூட்டம். அறகலயப் போராட்ட நேரம் மண்ணெண்ணெய்க் கியூவில தங்களுக்குள்ள அடிபட்ட ரெண்டு மீன்பிடித் துறை ஆம்பிளையளும் இண்டைக்குத்தான் ஒரு மீன்வாடிக்குள்ள வந்தது. அதுவும் என்ன கண்டிசனோட?

— அவனவனுக்கு அவனவன்ட பீங்கான். ஒருத்தன் கை வைக்கிறதுல மத்தவன் கை வைக்கமாட்டான்.

— அந்தப் பீங்கானை என்னட்டத் தந்து விட்டீங்களே, கற்பிட்டியில வேற வாகனம் இல்லையா? கோயில் மதிலை ரெண்டுதரம் இடிச்சவன் நான்.

— மூணு தரம்.

— மூணாவதுதரம் மதில்தான் வந்து இடிச்சது.

— சரி, பொறகு என்ன? நான் குசினிக்குள்ள நிண்ட, ஒண்டும் பாக்கல்ல.

— பீங்கான் இல்லாட்டி நாங்க போறமெண்டு எங்கட துறை றொபி எழும்பிட்டான். உங்கட துறை ஃபாஹிம் அதுக்கு முந்தியே செருப்பைத் தேடுறான். போன கச்சான் காத்துக்க றொபியின்ர தம்பி படகு கவுந்து கையக் காட்ட, ஃபாஹிமின்ர ஆக்கள் பாத்துக்கொண்டே போனவங்கள். பொடியன் பிழைச்சது கடவுள் புண்ணியம். இண்டைக்கும் கதைக்காமப் பிரிஞ்சா, அடுத்தது யார்ர வீட்டுப் பிள்ளையோ?

— அப்பதான் நம்மட பொம்புளையள் சஹன் கொண்டு வந்தாங்க.

— ஓம், பள்ளிவாசல்ல கலியாணச் சோறு வைக்கிற பெரிய தட்டம். ஒண்டுக்கு ஆறு பேர். இந்தத் துறையில மூணு, அந்தத் துறையில மூணு. யூஜீனியா நேராப் போய் ஃபாஹிமின்ர கைக்குத் தண்ணி வாத்தா. கைக்குத் தண்ணி வாத்த பிறகு எழும்பிப் போக எந்த ஆம்பிளைக்கு முகம் வரும்? இருந்தாங்கள்.

— கதைச்சாங்களா?

— எங்க? அவ்வளவு ஆம்பிளையள் சாப்பிடுற இடத்தில கடல் இரைச்சல் கேட்டுது, அக்கா. ஒரு சோத்தில ஆறு கை. பிறகு ஃபாஹிம் கோழியப் பிச்சு, பெரிய பாதியை மெல்ல றொபி பக்கம் தள்ளினான். தலை நிமித்தேல்ல. றொபி அதையே பாத்துக்கொண்டிருந்தான். பிறகு எடுத்துத் திண்டான். பூசையிலகூட நான் அப்பிடி வாய் மூடி இருந்ததில்ல.

— அல்ஹம்துலில்லாஹ்.

— கை கழுவேக்க றொபி கேட்டான், கடலுக்க கூப்பிட்டா வருவியா எண்டு. மற்றவன், போன் நம்பரச் சொல்லு எண்டான்.

— கண்ணுல என்ன தம்பி?

— மிளகாய். கதைய மாத்தாதேங்க. நான் பெட்டிய வச்சு அழுது முடியமுந்தி, அவ்வளவு சஹனும் கழுவித் துடைச்சு எப்பிடித் தயாரா இருந்தது? யூஜீனியாவைக் கேட்டா வாயப் பொத்திக்கொண்டு ஓடுறா. நான் உடைப்பனெண்டு தெரிஞ்சுதான் என்னட்டத் தந்தீங்களா? நேராச் சொல்லுங்க.

— நேராச் சொல்லவா? உங்கள நம்பி எப்பிடித் தம்பி இரிக்கிற? இண்டைக்கெண்டு பாத்து ஒழுங்கா ஓட்டிட்டீங்கண்டா? உடைஞ்ச பீங்கானா ஊரெல்லாம் பொறுக்கித்தான் அந்தப் பெட்டியக் கட்டின.