பீடிங் ஓட்டிய கை

பெரிய சகலை: ...அதான் சொல்றேன், நீ பண்ணி வச்சிருக்கற இது இழைப்புளியே இல்ல. விளையாட்டுச் சாமான்.

சின்ன சகலை: சரிண்ணே.

பெரிய சகலை: என்ன சரிண்ணே? தோத்துட்டு சரிங்கறியா, ஒத்துக்கிட்டு சரிங்கறியா?

சின்ன சகலை: வீடு கட்டற அந்தம்மாவே உங்க சாம்பிளை எடுத்துட்டுப் போயிட்டு, இப்பதான் திருப்பி அனுப்பியிருக்காங்க, இதே மாதிரி பண்ணுங்கன்னு. நான் ஒத்துக்காம என்ன பண்றது?

பெரிய சகலை: பதினெட்டு ஜன்னல்! பதினெட்டுக்கும் சட்டத்து விளிம்புல உருண்டை மேடா பீடிங் ஓட்டப் போறது நான். நீ பின்னாடியே உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக்கிட்டு வா. பேச்சு அதானே?

சின்ன சகலை: அதான் பேச்சு. ஜெயிச்சவர் ஓட்டணும், தோத்தவன் தேய்க்கணும்.

பெரிய சகலை: நம்ம மாமனார் ஒரு பொண்ணைத் தச்சனுக்குக் குடுத்தாரு. இன்னொண்ணை எவனுக்குக் குடுத்தாருன்னுதான் இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

சின்ன சகலை: அதை உங்க மச்சினியே தினமும் கேக்கறா.

பெரிய சகலை: கேக்காம? நல்லா இருந்த இழைப்புளித் தகட்டை நெருப்புல காய்ச்சி, எலிவால் அரத்தால ராவி, எண்ணெயில முக்கி... வேலை பண்றியா, சமையல் பண்றியா?

சின்ன சகலை: காய்ச்சினாத்தான்ணே அரம் ஏறும். அப்புறம் மறுபடியும் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில முக்கினாத்தான் பழையபடி கெட்டி...

பெரிய சகலை: தெரியும், தெரியும். எனக்கே பாடம் எடுக்காத. முதல் தகட்டுக் கதையைச் சொல்லு.

சின்ன சகலை: விடுங்கண்ணே...

பெரிய சகலை: சொல்லேன். கேக்கக் கேக்க எனக்கு அலுக்கவே மாட்டேங்குது.

சின்ன சகலை: மரத்துல உருண்டையா மேடு வேணுமேன்னு... தகட்டுலயும் மேடு வச்சு ராவிட்டேன்.

பெரிய சகலை: ஓட்டினா?

சின்ன சகலை: பள்ளம் விழுந்துச்சு.

பெரிய சகலை: பள்ளம்! ஜன்னலுக்கு அழகு பண்ணச் சொன்னா எறும்பு குளிக்க வாய்க்கால் வெட்டினவன் நீ. உன்கூட ஒரே பட்டறையில நிக்கறேன்னு வெளியில சொல்லவே கூச்சமா இருக்கு.

சின்ன சகலை: ரெண்டாவது தகட்டுலதான் சரி பண்ணிட்டேனே. தகட்டுல பள்ளம் எடுத்தேன், மரத்துல மேடு வந்துச்சு. இழைப்புளியோட அடிக்கட்டையிலயும் அதே அளவுக்குப் பள்ளம் எடுத்து, ஓரத்துல ரீப்பர் கட்டை அடிச்சு...

பெரிய சகலை: ஆமா, அந்த ரீப்பர் வேற. அது எதுக்கு? நடைவண்டிக்குக் கைப்பிடியா?

சின்ன சகலை: சட்டத்தை ஒட்டியே போகும்ணே. கொஞ்சம்கூட விலகாது. யார் தள்ளினாலும் ஒரே மாதிரி வரும்.

பெரிய சகலை: யார் தள்ளினாலும் வரும்னா அதுல உனக்கு என்ன பெருமை? கழுதையைக் கட்டி இழுக்க வேண்டியதுதானே?

சின்ன சகலை: அந்தம்மா ரெண்டு சாம்பிளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கேன்னாங்க. சீனியர் கையாச்சேன்னுதான் உங்களுதை எடுத்தாங்க.

பெரிய சகலை: ஒண்ணு போலவா? அந்தம்மா கண்ணாடி போடாம வந்திருப்பாங்க. உன்னுது சாமான் ஓட்டினது. என்னுது வெறும் உளி. உளியும் கையும். முப்பது வருஷம், சகலை... முப்பது வருஷம்!

சின்ன சகலை: அதான்ணே எனக்கும் ஆச்சரியம். ரெண்டு முழ நீளத்துக்கு வெறும் உளியில... எங்கயும் வளையல, எங்கயும் மெலியல.

பெரிய சகலை: உனக்கு ஆச்சரியமாத்தான் இருக்கும்.

சின்ன சகலை: ஒரு சாண் ஓட்டிக் காட்டுங்களேன். பாத்துக் கத்துக்கறேன்.

பெரிய சகலை: இப்பவா?

சின்ன சகலை: இதோ சட்டம். இதோ உங்க உளி. தீட்டியே வச்சுட்டேன்.

பெரிய சகலை: டீ குடிச்சுட்டு வரேன்.

சின்ன சகலை: இப்பதானே குடிச்சீங்க?

பெரிய சகலை: வெளிச்சம் பத்தல.

சின்ன சகலை: லைட்டைப் போட்டாச்சு.

பெரிய சகலை: எதுக்குய்யா உனக்கு நான் ஓட்டிக் காட்டணும்? பரீட்சை வைக்கிறியா? உப்புத்தாள் தேய்க்கப் போறவனுக்கெல்லாம்...

சின்ன சகலை: சரி, ஓட்ட வேணாம். உங்க சாம்பிளையாவது கையில எடுத்துப் பாருங்க.

பெரிய சகலை: பாத்தாச்சு. வழவழன்னு இருக்கு.

சின்ன சகலை: நகத்தால தடவுங்க. மேட்டுக்கு வலது பக்கமா, முடி மாதிரி ஒரு கோடு ஓடுதா?

பெரிய சகலை: ...அது மரத்தோட ரேகை.

சின்ன சகலை: மரத்தோட ரேகை இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்கும் நூல் பிடிச்ச மாதிரியா ஓடும்? என் தகடு செவ்வாய்க்கிழமை ஒரு ஆணியில மோதிடுச்சு. விளிம்புல ஒரு சின்னச் சில்லு பேந்து போச்சு. என் சாம்பிள்லயும் அதே இடத்துல அதே கோடு. இந்தாங்க, தடவிப் பாருங்க. நேத்து மத்தியானம் பசிக்கலைன்னு சொல்லி என்னை மட்டும் சாப்பிட அனுப்பினீங்க. திரும்பி வந்தப்ப என் மேஜையடியில புதுசா மரச் சீவல். கழுதை வந்து தள்ளிட்டுப் போச்சாண்ணே?

பெரிய சகலை: அந்தம்மா எதிர்லயே நீ இதைச் சொல்லியிருக்கலாமே.

சின்ன சகலை: எவ்வளவு தூரம்தான் போறீங்கன்னு பாத்தேன். நல்ல தூரம் போனீங்க. மாமனாரைக்கூட விட்டு வைக்கல.

பெரிய சகலை: பேசி முடிச்சுட்டியா?

சின்ன சகலை: இல்ல. கேட்டிருந்தா நானே கையில குடுத்திருப்பேன். வாய் நிறைய என்னைக் கேவலமாப் பேசிட்டு, நான் பண்ணின சாமானையே திருட்டுத்தனமா எடுத்து ஓட்டணுமா? முப்பது வருஷம் பிடிச்ச உளிக்கு என்ன வந்துச்சு?

பெரிய சகலை: உளிக்கு ஒண்ணும் வரல.

சின்ன சகலை: அப்புறம்?

பெரிய சகலை: கை நடுங்குது, சகலை. அஞ்சு மாசமா. காலையில சட்டைக்குப் பட்டன்கூட என் பொண்டாட்டிதான் போட்டு விடறா... ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு திட்டு திட்டிக்கிட்டேதான் போடறா. இல்லேன்னா ரெண்டு பேரும் அழுதுடுவோம்.